"அன்பாப் பேசுங்க ஐயா" என்று எல்லார் முன்னாலும் சொல்லலாமா?

பாமணியாறு கேட்டது:

வணக்கம். மன்னார்குடி, நீடாமங்கலம், கோட்டூர் பக்கத்து நெல் விவசாயிகளுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்றுக்கு நானும் ஒரு நிர்வாகி. ஐம்பது வருஷம் வயலில் நின்ற பெரியவர்கள், வேளாண்மை படித்த பிள்ளைகள், உரக்கடைக்காரர்கள், வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டே நிலத்தையும் கவனிப்பவர்கள் என்று பலரும் இருக்கிறார்கள். குறுவை நடவு முடிந்த கையோடு கேள்விகள் குவிகின்றன. நேற்று நடந்ததை அப்படியே தருகிறேன்.

கேள்வி: "பயிர் மஞ்சளா இருக்கு. யூரியா போடலாமா?"

பதில்: "போடாதே போட்டோ போடு எந்த இலை மஞ்சள்னு சொல்லாம யூரியா கேட்டா எப்படி"

மூன்றாமவர்: "ஐயா, புதுசா வந்தவங்ககிட்ட கொஞ்சம் அன்பாப் பேசுங்க. உங்ககிட்ட கேள்வி கேக்கவே பயமா இருக்கு."

அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பதில் சொன்னவர் "இனி நான் வாயே திறக்கலை" என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டார். அதன்பிறகு பேச்சு முழுக்க யார் பக்கம் நியாயம் என்பதில்தான் ஓடியது. இலையின் படம் வரவே இல்லை.

ஒருவர் பேசும் விதத்தை எல்லார் முன்னாலும் எடை போடுவது முறைதானா? சொல்லியே ஆகவேண்டும் என்றால் எந்தச் சொல்லில் சொல்வது? நிர்வாகிகள் எந்த இடத்தில் கைவைக்க வேண்டும்?

வெட்டாற்றங்கரை எழுதியது:

அந்த மூன்றாமவரின் இரண்டு வாக்கியங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். "கொஞ்சம் அன்பாப் பேசுங்க" என்பது வேண்டுகோள். "உங்ககிட்ட கேக்கவே பயமா இருக்கு" என்பது ஆளைப் பற்றிய தீர்ப்பு. கலகம் இரண்டாவதில்தான் பிறந்தது. யூரியா வேண்டாம் என்றதை இலையைப் பார்த்துச் சரியா தப்பா என்று சொல்லிவிடலாம். "நீங்கள் கடுகடுப்பானவர்" என்பதை எதை வைத்துச் சோதிப்பது? அவர் மறுத்தால் "பாருங்கள், இன்னும் கோபப்படுகிறார்" என்பார்கள். பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். எழுந்து போவதைத் தவிர அவருக்கு வேறு வழி விடப்படவில்லை.

அவர் எழுதியதில் நிறுத்தக்குறியே இல்லை, கவனித்தீர்களா? குரலால் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் இப்படித்தான் வந்து விழும். "எப்படி" என்பதற்குப் பின்னால் இருக்கவேண்டிய கேள்விக்குறி போய்விட்டால் கேட்டது அதட்டலாகிவிடுகிறது. "ங்க" ஒன்று காதில் சரியாக விழாமல் போனால் "போடாதீங்க" என்றது "போடாதே" ஆகிவிடுகிறது. வரப்பில் நின்றபடி, சேற்றுக்கையோடு பேசி அனுப்புகிறவர் அதைத் திரும்பப் படித்துப் பார்க்க மாட்டார்.

வட்டார வழக்கும் சேர்ந்துகொள்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் "என்னய்யா, இப்படிப் பண்ணிட்டே" என்பதில் உரிமைதான் இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை "ங்க" போட்டுப் பேசும் கொங்குப் பக்கத்துக்காரர் அதையே படித்தால் முகத்தில் அறைந்ததுபோல எடுத்துக்கொள்வார். பெரியவர் சின்னவரை "நீ" என்பது திண்ணையில் பாசம். முகம் தெரியாத நூறு பேர் படிக்கும் இடத்தில் அதே "நீ" வேறு எடையில் விழுகிறது.

எழுத்தில் தொனி போய்ச் சேராது என்பதற்குச் சோதனையே உண்டு. அமெரிக்காவில் ஜஸ்டின் குரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சிலரோடு சேர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு அது. மின்னஞ்சலில் கிண்டலாக எழுதியதையும் நிஜமாக எழுதியதையும் படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் பிரித்துவிடுவார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். படித்தவர்கள் சரியாகப் பிரித்தது 56 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 வரும். தொனியை ஊகிக்கிற விஷயத்தில் நம்முடைய காது அவ்வளவு நம்பகமானதல்ல.

அதனால் ஒரு பதில் சுருக்கென்று தைத்தால், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் அதே வரியை எதிரில் நின்று சொல்வதாக வைத்து இன்னொரு முறை படியுங்கள். முக்கால்வாசி அங்கேயே கரைந்துவிடும். அப்படியும் தைத்தால் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, தனியாகப் பதிலளிக்கும் வசதியில் போய் அவருக்கு மட்டும் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். அதற்குள் உங்கள் வரி போய்ச் சேர்ந்தால் அவர் சத்தமில்லாமல் ஒரு சொல்லை மாற்றிவிட்டுப் போய்விடுவார், ஊருக்குத் தெரியவே தெரியாது. நேரம் கடந்துவிட்டால் எல்லாருக்குமாக அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்லலாம். அதற்கு இரண்டு நாளுக்கு மேலேயே அவகாசம் உண்டு.

தனிச்செய்தியில் எழுத ஒரு மாதிரி:

"ஐயா வணக்கம். யூரியா வேண்டாம்னு நிறுத்தினது ரொம்ப நல்லது. குரல்ல பேசினதால 'போடாதீங்க'ங்கறது 'போடாதே'ன்னு விழுந்திருக்கு. கேட்டவர் புதுசு. அந்தச் சொல்லை மட்டும் மாத்திட்டீங்கன்னா அவர் தயங்காம படம் அனுப்புவார்."

இதில் விஷயம் சரி என்பது முதலில் வருகிறது. அடுத்து, மாற்றவேண்டிய சொல் இன்னது என்று காட்டியாகிறது. மாற்றினால் என்ன கிடைக்கும் என்பதும் இருக்கிறது. அவருடைய குணத்தைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. "எப்பவும் நீங்க இப்படித்தான்" என்பதில் உள்ள "எப்பவும்" ஒன்று போதும், பழைய கணக்கெல்லாம் கிளம்பிவிடும்.

குடமுருட்டி எழுதியது:

வெட்டாறு அண்ணன் சொன்னதில் பெரும்பகுதிக்கு நான் உடன்படுகிறேன். எல்லாவற்றையும் தனியாகவே பேசி முடிப்பது என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. குழுவில் கேட்பவர் ஒருவர், சொல்பவர் ஒருவர் என்றால், வாய் திறக்காமல் படித்துக்கொண்டிருப்பவர் நூறு பேர். "இது கூடத் தெரியாம விவசாயம் பண்ண வந்துட்டியா" என்று ஒருவர் எழுதி, அதற்கு மேலே ஒரு சொல்லும் விழாமல் கிடந்தால், இங்கே இப்படிப் பேசலாம் போலிருக்கிறது என்று அந்த நூறு பேரும் படித்துக்கொள்கிறார்கள். தனிச்செய்தியில் நடந்த சமாதானம் அவர்களுக்குத் தெரியாது. முதலில் வாயை மூடிக்கொள்வது பெண்களும், நிலத்தைப் புதிதாகக் கையில் எடுத்த பிள்ளைகளும்தான்.

நான் பார்ப்பது எது தைத்தது என்பதை. மரியாதை விகுதி விட்டுப்போனது, பதில் மொட்டையாக இருந்தது, "வணக்கம்" சொல்லவில்லை என்பதெல்லாம் அண்ணன் சொன்னபடி தனியாக, அல்லது பேசாமலே விட்டுவிடலாம். தெரியாமையைக் கேலி செய்வது அடுத்த படி. அதைப் பொதுவிலேயே சொல்லவேண்டும், ஆனால் ஒரே வரியில், பயிருக்கான விடையைச் சொன்ன பிறகு. இப்படி:

"மஞ்சள் அடி இலையிலா குருத்திலான்னு ஒரு படம் அனுப்புங்க தம்பி, அதைப் பார்த்துட்டு யூரியாவைப் பத்திச் சொல்லலாம். தெரியாததைக் கேக்கத்தான் இந்தக் குழு, கேட்டது தப்பே இல்லை."

கேலி செய்தவர் பெயர் இதில் வரவில்லை. அவரைச் சுட்டிப் பேசவும் இல்லை. கேட்டவருக்குக் கை கொடுத்தாயிற்று, படிக்கிறவர்களுக்கும் சேதி போயிற்று. நியூயார்க்கில் கணினி நிரல் எழுதுவோர் கூடிக் கற்கும் ரிகர்ஸ் சென்டர் என்ற இடத்தில், ஒருவருக்கு ஒன்று தெரியவில்லை என்றால் "ஐயோ, இதுகூடவா தெரியாது" என்று வியப்புக் காட்டக்கூடாது என்பதையே விதியாக வைத்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பேச்சுக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்தும்.

சாதி, ஊர், படிப்பு, பெண் என்பதைச் சுட்டி விழும் சொல்லைப் பேச்சு நயம் என்ற கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அங்கே தனிச்செய்தியும் வேண்டாம், விவாதமும் வேண்டாம். நிர்வாகியால் யாருடைய செய்தியையும் எல்லாருக்குமாக அழிக்க முடியும். போன் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு உடனே அழியுங்கள், "குழு விதிப்படி நீக்கப்பட்டது" என்று ஒரு வரி போடுங்கள், மறுமுறை என்றால் ஆளை நீக்குங்கள்.

ஆளைப் பற்றிய தீர்ப்புக்கும் ஒரு இடம் உண்டு. லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலை எழுதுவோரின் அஞ்சல் குழுவில், அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் கடுமையான மடல்கள் பல வருஷமாகப் பேச்சாகவே இருந்தன. 2018 செப்டம்பரில் அவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சிறிது காலம் ஒதுங்கினார். அதே மாதம் அந்தத் திட்டத்துக்கு நடத்தை விதியும் வந்தது. அங்கே தீர்ப்புக்குப் பின்னால் வருஷக்கணக்கான மடல்கள் சாட்சியாக இருந்தன. நம் குழுவில் ஒரு ஆளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவருடைய பழைய செய்திகளைத் தேதியோடு எடுத்துவைத்துக்கொண்டு நிர்வாகிகள் அவரோடு உட்கார்ந்து பேசவேண்டும். ஒற்றைச் செய்தியை வைத்து வழிப்போக்கர் சொல்லக்கூடிய தீர்ப்பு அல்ல அது.

நாற்றங்கால் எழுதியது:

மொட்டையான பதிலை வன்சொல் என்று எடுத்துக்கொள்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன்.

"துத்தநாக சல்பேட் 10 கிலோ போடுங்க" என்று ஒருவர் எழுத, இன்னொருவர் வெடுக்கென்று "மாவுக்கா ஏக்கருக்கா" என்று கேட்கிறார். ஐயா, அண்ணே எதுவும் இல்லை. படிக்கச் சண்டைக்கு வருவதுபோல இருக்கும். ஆனால் அந்தக் கேள்விதான் அந்த வயலைக் காப்பாற்றுகிறது. நம் பக்கத்தில் மா என்றால் 100 குழி, ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. 20 மா சேர்ந்தது ஒரு வேலி. ஏக்கருக்கான 10 கிலோவை மாவுக்கு என்று எடுத்துக்கொண்டால் மூன்று மடங்கு விழும். உரமாக இருந்தால் காசு நஷ்டம், களைக்கொல்லியாக இருந்தால் பயிரே போய்விடும்.

நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி விஷயமும் இப்படித்தான். தூரின் அடியில் பூச்சி தெரிந்ததும் கடையில் கிடைத்த பைரித்ராய்டு வகைப் பூச்சி மருந்தை அடிக்கப்போகிறேன் என்று ஒருவர் எழுதினால், "அடிக்காதே, நிறுத்து" என்று கத்துகிறவர்தான் நமக்கு வேண்டியவர். அந்த வகை மருந்து புகையானைத் தின்னும் சிலந்தியையும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளையும் கொன்று, புகையானை முன்னைவிட அதிகமாகப் பெருக்கிவிடும். தெளிப்பான் தோளில் ஏறியிருக்கும் நேரத்தில் சொல்லின் இனிமையைப் பற்றிப் பேச ஆரம்பிக்கக் கூடாது. முதலில் தெளிப்பானை இறக்கி வைக்கட்டும்.

இன்னொன்று. "அவர் மாதிரி பொறுமையாச் சொல்லக் கத்துக்கங்க" என்று ஒருவரைப் பாராட்டி எழுதுவதும் இன்னொருவருக்குத் தீர்ப்புத்தான். பாராட்ட ஆசையிருந்தால் சொன்ன விஷயத்தைப் பாராட்டுங்கள். "மாவா ஏக்கரான்னு கேட்டது நல்லதாப் போச்சு" என்று எழுதினால் யாருக்கும் வலிக்காது, அடுத்தவருக்கும் அப்படிக் கேட்கவேண்டும் என்று தோன்றும். அந்தக் கும்பிடும் கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: ஒருவரைக் குறை சொன்ன செய்திக்குக் கீழே கை வைப்பது என்பது கூட்டம் கூடி நிற்பதுதான். அவரை விரட்டியது அந்த ஒரு செய்தி என்பதைவிட, கீழே வரிசை கட்டிய கைகள் என்றே சொல்வேன்.

பாமணியாறு எழுதியது:

மூவருக்கும் நன்றி. குழு விவரத்தில் போட இப்படி ஒன்று எழுதிப் பார்த்தேன், திருத்துங்கள்.

"1. அனைவரும் அன்பாகவும் நட்பாகவும் பேசவும். 2. பிறர் மனம் புண்படும்படி எழுதக்கூடாது. 3. மீறுவோர் நீக்கப்படுவர்."

விலகிப்போன பெரியவரைத் திரும்ப அழைக்கவும் நினைக்கிறேன். எப்படிக் கூப்பிடுவது?

வெட்டாற்றங்கரை எழுதியது:

முதல் இரண்டையும் எடுத்துவிடுங்கள். "அன்பாக" என்பதற்குப் படியும் மரக்காலும் கிடையாது. நாளைக்கு ஒருவர் இன்னொருவரைப் பார்த்து "ஒன்றாவது விதியை மீறிவிட்டீர்கள்" என்பார், திரும்பவும் அதே சண்டைதான். செய்தாரா இல்லையா என்று பார்த்தாலே தெரிகிற காரியங்களை மட்டும் விதியாக எழுதுங்கள். எனக்குத் தோன்றுவது:

"பயிர்க் கேள்வியோடு ரகம், நட்டதா நேரடி விதைப்பா, எத்தனை நாள் பயிர், போட்ட உரமும் அளவும், அடித்த மருந்து, வயலில் நிற்கும் தண்ணீர் இவற்றைச் சொல்லவும். மூன்று படம் வேண்டும்: வயல் முழுவதும், ஒரு தூர், ஒரு இலை. அளவு சொல்லும்போது மாவுக்கா ஏக்கருக்கா என்பதையும் எழுதவும். யூரியா வேண்டாம், மருந்து வேண்டாம் என்று தடுப்பவர் காரணத்தையும் ஒரு வரியில் சொல்லவும். ஒருவர் பேசிய விதத்தில் குறை இருந்தால் அவருக்கோ நிர்வாகிக்கோ தனியாக எழுதவும், குழுவில் வேண்டாம். சாதி, ஊர், படிப்பு, பால் சுட்டிய சொல் உடனே அழிக்கப்படும்."

குடமுருட்டி சொன்ன அந்த ஒற்றை வரிக்கு இதில் தடையில்லை, ஏனென்றால் அது கேட்டவரைப் பார்த்துச் சொல்வது. நூறு பேர் படிக்கிறார்கள் என்பதை நான் எடை போடாமல் விட்டது தவறுதான், ஏற்றுக்கொள்கிறேன்.

சண்டையில் பாதி, கேள்வியிலேயே விதைக்கப்படுகிறது. "மஞ்சளா இருக்கு" என்ற இரண்டு சொல்லைப் பார்த்துப் பத்துப் பதினைந்து முறை ஒரே எதிர்க்கேள்வியைக் கேட்டு அலுத்தவர், பதினாறாவது தடவை வெடுக்கென்றுதான் கேட்பார். கேள்வி முழுசாக வந்தால் பதிலும் தானாக நிதானமாகிவிடும்.

பெரியவரைக் குழுவில் "திரும்ப வாருங்கள் ஐயா" என்று பொதுவில் கூப்பிடாதீர்கள். அது இன்னொரு பஞ்சாயத்தாகிவிடும். நீங்களே போன் பண்ணுங்கள். பக்கத்து ஊர் என்றால் நேரில் போங்கள். யார் சரி என்பதற்குள் இறங்காமல், "அந்த வயலுக்கு இன்னும் விடை கிடைக்கலை, நீங்க பார்த்துச் சொன்னாத்தான் ஆகும்" என்று இலைப் படத்தோடு போங்கள். மூன்றாமவரிடமும் தனியே பேசவேண்டும். புதியவருக்காக அவர் பேசினார், எண்ணத்தில் குறையில்லை. ஆளைப் பற்றிய குறையை ஒரு இரவு தள்ளிப்போட்டு எழுதச் சொல்லுங்கள். இணைய நாகரிகத்துக்கு 1995-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1855 என்ற வழிகாட்டியே, கோபத்தில் எழுதத் தோன்றும் பதிலை இரவு கழியட்டும் என்று நிறுத்திவைக்கச் சொல்கிறது. ஒரு சொல்லை மாற்றச் சொல்லும் தனிச்செய்தியை மட்டும் உடனே அனுப்பலாம், அந்த 15 நிமிடக் கணக்கு இருக்கிறதே.

அரசலாறு எழுதியது:

பேச்சு இத்தனை தூரம் வந்தும் அந்த மஞ்சள் பயிர் அப்படியே நிற்கிறது. பாமணி அண்ணே, கேட்டவருக்கு இதை அனுப்பிவிடுங்கள்.

அடி இலைகள் ஒரே சீராக வெளுத்து, வயல் முழுக்க அப்படி இருந்தால் தழைச்சத்துக் குறைவு. அதற்குத்தான் யூரியா. நேராக வீசாமல் யூரியா 5, ஜிப்சம் 4, வேப்பம் புண்ணாக்கு 1 என்ற பங்கில் கலந்து ஒரு இரவு வைத்துப் போட்டால் வீணாவது குறையும். நட்ட இரண்டு மூன்று வாரத்துக்குள் இலையில் துருப்பிடித்தாற்போலப் புள்ளிகள் விழுந்து, நடு நரம்பின் அடிப்பகுதி வெளுத்திருந்தால் துத்தநாகக் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீருக்குத் துத்தநாக சல்பேட் 5 கிராம், யூரியா 10 கிராம் கலந்து இலைமேல் தெளிக்கவேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர் என்றால் ஒரு கிலோவும் இரண்டு கிலோவும். குருத்து இலை வெளுத்து அடி இலை பச்சையாக இருந்தால் இரும்பையோ கந்தகத்தையோ சந்தேகப்படவேண்டும். ஆரஞ்சு கலந்த மஞ்சளோடு பயிர் குட்டையாகித் திட்டுத்திட்டாக இருந்தால் துங்ரோ என்ற வைரஸ் நோய், அதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி.

பெரியவர் யூரியாவைத் தடுத்தது பெரும்பாலும் பாக்டீரியா இலைக் கருகலை நினைத்துத்தான். நுனியில் தொடங்கி ஓரம் வழியாக, அலை அலையான விளிம்போடு மஞ்சள் கீழிறங்கினால் அந்தச் சந்தேகம் வரவேண்டும். தழைச்சத்து கூடினால் அது இன்னும் வேகமாகப் பரவும். வீட்டிலேயே பார்த்துவிடலாம். கருகலும் பச்சையும் சேரும் இடத்தில் இலையைத் துண்டாக வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் இருக்கும்படி பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். சில நிமிடத்தில் முனையிலிருந்து பால்போல ஒரு இழை இறங்கினால் பாக்டீரியாதான். அப்படியானால் யூரியாவை நிறுத்தி, தண்ணீரை வடித்து, அந்த வடிநீர் அடுத்த வயலுக்குள் போகாமல் வரப்பை அடைக்கவேண்டும்.

தம்ளரைப் படமெடுக்கும்போது பின்னால் கறுப்புத் துணி ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இழை படத்தில் விழாது.

பாமணியாறு எழுதியது:

அனுப்பிவிட்டேன். ஏடிடி 53 ரகம், நட்டு 24 நாள், மஞ்சள் நுனியிலிருந்து ஓரமாக இறங்குகிறதாம். இன்னும் யூரியா போடவில்லை. தம்ளர் படம் வந்ததும் எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்கே போகிறேன்.